இரண்டு தீச்சட்டியும் ஒரு சிலிண்டரும்

வாழ்க மதுரன்! மஞ்சு முடிசூடும் மேமலைத் தோட்டத்தின் தலைமகன், இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் இடையில் நில்லாது ஏறும் திண்காலன், கொழும்பு மெயின் வீதிப் புடவைக்கடையில் ஆறாண்டுக் காலம் சேலை விரித்து, மடித்து, மீண்டும் விரித்து, ஒன்றும் வாங்காமல் எழுந்து போன பெண்களை முறுவலோடு வழியனுப்பிய பொறுமைக்கடல், வாழ்க! அவன் கொற்றம் வாழ்க. அக்கொற்றம் தொழிலாளர் வரிசை வீடுகளாகிய லயத்துக்கு மேலே, முன்பு லீக்ஸும் முள்ளங்கியும் விளைந்த ஒரு மேட்டுத் துண்டு மட்டுமே என்றாலும் வாழ்க. அதில் மூன்று கூடாரங்கள் நின்றன. ஒன்றுக்கு ஜிப் வேலை செய்யவில்லை.

உருக்கு வயிற்றுக்குள் நீராய்த் துயின்று, பித்தளைத் திருகு திறக்கக் காற்றாய் எழுந்து, பொறி தொட்ட கணத்தில் ஆயிரம் நீலநாக்கு நீட்டும் காஸ் என்னும் நங்கையே, இந்தக் கதையை நீயே நடத்தித் தருவாயாக. பாதியில் தீர்ந்துபோகாதிருப்பாயாக.

பெரும்போர் பாடியவர்கள் களத்தில் வீழ்ந்த யானைகளை எண்ணிப் பாடினார்கள். இங்கே யானை இல்லை. ஒரு கோழி உண்டு. அதுவும் பெருந்தீ எழுந்ததும் புறமுதுகிட்டது. இருப்பதை வைத்துத்தான் பாட வேண்டும், அவையோர் பொறுத்தருள்க.

போர் மூண்ட காரணம் இது. புடவைக்கடை முதலாளி மதுரனுக்கு மூன்று வாரம் லீவு கொடுத்திருந்தார். திங்கட்கிழமை காலை கடை திறக்கும்போது அவன் அங்கே நிற்காவிட்டால், அவன் இடத்தில் வேறொருவன் நிற்பான். மதுரனோ மேமலையிலேயே, தன் மனைவி தனுஷிகாவோடு வாழ விரும்பினான். அவள் தோட்டத்துப் பாலர் பள்ளியில் டீச்சர். கல்யாணமாகி இரண்டு வருடத்தில் அவர்கள் சேர்ந்திருந்த நாட்களை வைத்து அவள் தன் பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுக்கலாம். அவ்வளவு சிறிய தொகை அது.

மேட்டில் நின்றால் மஸ்கெலியா நீர்த்தேக்கம் காலடியில் கிடக்கும். அங்கே கூடாரம் போட்டால் ஆட்கள் வருவார்கள் என்று மதுரன் நம்பினான். வத்தளையிலிருந்து ஆறு பேர் வரச் சம்மதித்தும் விட்டார்கள். சனிக்கிழமை நாலு மணிக்கு வந்து, ஓரிரவு தங்கி, ஞாயிறு காலை போவார்கள். போனில் அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்று: கேம்ப்ஃபயர் கட்டாயம் வேண்டும்.

இங்கேதான் விதி குறுக்கே படுத்தது. மேட்டைப் பாவிக்க அனுமதித்த தோட்டத்துத் துரை, விறகு நெருப்பு கூடாது என்று கடிதத்தில் தனி வரியாக எழுதியிருந்தார். ஒரே ஒரு கட்டை எரிந்தாலும் அது தோட்டத்து டர்பன்டைன் மரத்தில் வெட்டியது என்றே அலுவலகம் நம்பும். ஆகவே, புகையாத நெருப்பு வேண்டும். கட்டையின்றி எரிந்து, கையில் தூக்கிப் போக வசதியாய், ஹட்டன் பஸ்ஸில் ஏற்றிவரக்கூடிய நெருப்பு வேண்டும். சுருங்கச் சொன்னால், காஸில் எரியும் தீச்சட்டி வேண்டும்.

தனுஷிகா தன் அரசாணையைப் பாத்திரம் கழுவிக்கொண்டே வெளியிட்டாள்.

"அந்த ஆறு பேரும் திரும்ப வாறோம்னு சொன்னா நீங்க இங்கயே இருங்க. சொல்லாட்டி ஞாயித்துக்கெழம அந்தி பஸ்."

வாழ்வுக்கும் வீழ்வுக்கும் நடுவே இவ்வளவு தெளிவான எல்லைக்கல்லை எந்தப் பேரரசியும் நட்டதில்லை.

இனி மாற்றாரைப் பாடுவோம். அவர் நல்லமுத்து, தனுஷிகாவின் தகப்பன், மதுரனின் மாமனார். ஸ்டோர் என்று ஊர் அழைக்கும் தேயிலைத் தொழிற்சாலையில், ட்ரையர் அடுப்புக்கு முப்பத்தோராண்டு விறகு தள்ளியவர். தீயின் நிறம் கண்டே அதன் குணம் உரைப்பவர். அவர் புறங்கையை நீட்டிச் சூடு பார்த்துத் தலையாட்டினால், ஸ்டோர் அதிகாரியான டீமேக்கர் தன் வெப்பமானியைத் திருத்தி வைத்துக்கொள்வார். இதற்குச் சாட்சி நல்லமுத்து ஒருவர்தான். நெருப்பு வாங்கப் போகும் மருமகனைத் தனியே அனுப்ப அவருக்கு மனம் ஒப்பவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் ஹட்டன் சேர்ந்து, றிச்சர்ட் என்பவரின் மாடிக்கடைக்குள் புகுந்தார்கள். கூடாரங்களும் தூங்குபைகளும் தொங்கிய அந்தக் குகைக்குள் மூன்று தீச்சட்டிகள் வரிசையாய் நின்றன. முதலாவது சூட்கேஸ் போல மடங்குவது. றிச்சர்ட் அதை விரித்துக் காட்டியபோது ஒரு கால் கழன்று விழுந்தது. போர்க்களம் காணாமலே அது வீரமரணம் எய்தியது. எஞ்சியவை இரண்டு.

ஒன்று பெருஞ்சட்டி. வண்டிச்சக்கரம் போன்ற அகலமும் வெண்கல நிறமும் கொண்டு, கருங்கற்கள் குவிந்த பேழ்வாயைத் திறந்து, "என்னைத் தூக்க இருவர் வருக" என்று அறைகூவி அமர்ந்திருந்தது. மற்றது சிறுசட்டி. ரைஸ் குக்கர் அளவு, ஒரு கைபிடி, மூன்று குட்டைக் கால்கள். யாரையும் எதற்கும் அழைக்காமல் சும்மா இருந்தது. மதுரனுக்கு அதைப் பார்த்ததும் பிடித்துப்போயிற்று.

"மாமா, இத நான் ஒத்தக் கையில தூக்கிட்டுப் படி ஏறிருவேன்."

"தூக்குறதுக்கா மாப்ளே நெருப்பு வாங்குறீங்க? இது என்னா, திருவிழாவுல சின்னப்புள்ளைக்குக் குடுக்குற தீச்சட்டி மாதிரி."

"கேம்பிங் சாமான்னா தூக்கத்தானே மாமா வேணும்."

"ஆறு பேரு வாறாங்க. இதுல ஆளுக்கு ஒரு வெரல் காயும். மிச்ச ஒம்பது வெரல எங்க கொண்டு போயி வைப்பாங்க?"

இரு வேந்தர் நடுவே சிக்கிய சிற்றரசன் போல் றிச்சர்ட் வாசலைப் பார்த்தார். வேறு வாடிக்கையாளர் எவரும் அவரைக் காப்பாற்ற வரவில்லை.

"சண்ட வேணாம். ரெண்டையும் கொண்டு போங்க. பத்த வச்சுப் பாத்து ஒண்ண வச்சுக்கிட்டு, மத்தத நாளன்னிக்குக் கொண்டாந்து குடுங்க. கீறல் மட்டும் விழக் கூடாது."

மஸ்கெலியா பஸ்ஸில் பெருஞ்சட்டி இரண்டு சீட் பிடித்தது. சிறுசட்டி மதுரனின் கையில் தொங்கி வந்தது. மாமனும் மருமகனும் வழிநெடுக நின்றுகொண்டே வந்தார்கள்.

சனிக்கிழமை காலை பத்து மணி. ஒரு வாரமாய் விடாத தூறல் சற்றே ஓய்ந்திருந்தது. லயத்து வாசல் களமாயிற்று. அந்த வாரம்தான் புதிதாய் மாற்றிய சிலிண்டரைத் தனுஷிகா அடுக்களையிலிருந்து உருட்டி வந்து நிறுத்தினாள். லயத்தின் பன்னிரண்டு காம்பரா வீடுகளின் கதவுகளும் திறந்தன. சில கதவுகளில் இரண்டு தலை, சிலவற்றில் நாலு.

முதலில் சிறுசட்டி ஏறியது. மதுரன் திருகைத் திருப்பினான். முழங்கால் உயரத்துக்கு ஒழுங்கான மஞ்சள் தீ எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றது. நல்லமுத்து முன்வந்தார், சட்டைக் கையை மடித்தார், முப்பத்தோராண்டு அனுபவம் ஏறிய புறங்கையை நீட்டினார். சபை மூச்சடக்கியது.

"பூன மூச்சு விடுற மாதிரி இருக்கு."

பின்னர் குழாயைக் கழற்றிப் பெருஞ்சட்டிக்கு மாட்டினார்கள். அந்தோ, அதை எப்படி உரைப்பேன்! குகை விட்டெழும் சிங்கம் போல், குப்பென்று மார்பளவுக்கு மேலே கிளம்பிய தீ, களம் முழுவதையும் பொன்னாக்கி, முன் வரிசையில் நின்றவர்களின் முகங்களைப் பின் வரிசைக்குத் தள்ளியது. கோழி களம் நீங்கியது இப்போதுதான். மதுரனே ஒரு கணம் தடுமாறினான். வத்தளைக்காரர்கள் போட்டோ எடுத்தால் எப்படி இருக்கும் என்று எண்ணினான். உடனே, இதைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறினால் தான் எப்படி இருப்போம் என்றும் எண்ணினான்.

"பாத்தாச்சு மாமா, அணைங்க. நான் மேல போயி கூடாரத்த இழுத்துக் கட்டிட்டு வாறேன். வந்து முடிவெடுப்போம்."

சொல்லிவிட்டு ஏறிப்போனான். பெருவீரர் எல்லோருக்கும் ஒரு பிழை உண்டு. மதுரன் செய்த பிழை, ட்ரையர்காரரிடம் எரிகிற நெருப்பை அணைக்கச் சொன்னது.

ஸ்டோரின் சட்டம் ஒன்று உண்டு. ட்ரையர் அடுப்புப் பிடித்துவிட்டால், கடைசிக் கொழுந்து உள்ளே போய்த் தூளாய் வெளியே வரும்வரை அதை அணைக்கக் கூடாது. நடுவில் சூடு விழுந்தால் அன்றைய சரக்கு முழுவதும் பாழ். முப்பத்தோராண்டில் நல்லமுத்து ஒருமுறைகூட நல்ல நெருப்பை இடையில் அணைத்ததில்லை. இன்றும் அவர் கை திருகுவரை போயிற்று, திரும்பி வந்தது. சரக்குத்தான் இல்லை. அதுவும் வந்தது.

"நல்லமுத்தண்ணே," என்றாள் பக்கத்துக் காம்பரா சிசிலி. "சும்மாதானே எரியுது? புள்ளையோட ஸ்கூல் சட்ட ஒரு வாரமாக் காயல."

நல்லமுத்துவின் கண்கள் ஒளிர்ந்தன. கொழுந்து வந்துவிட்டது!

அடுத்த கால்மணி நேரத்தில் லயத்து வாசலில் கயிறுகள் மூன்றடுக்காய் ஏறின. படைகள் வந்த வரிசையைப் பாடாமல் விட முடியாது. சிசிலி மகளின் வெள்ளைச் சட்டை முன்னணியில் வந்தது. அதன் பின் மலைக்கொழுந்துக்குப் போகும் பெண்களின் ஈரச் சேலைகள் அணியணியாய் வந்தன. நனைந்து கரடியாய்க் கனத்த கம்பளிகள் யானைப்படை இல்லாக் குறையைத் தீர்த்தன. தோட்டத்துக் கிரிக்கெட் அணியின் பதினொரு ஜேர்சிகள் கடைசி ஆட்டத்தில் தோற்ற சேறோடு வந்தன. இணை பிரிந்த காலுறைகள் காலாட்படையாய் வந்தன. நல்லமுத்து களத்தின் நடுவே நின்று கட்டளையிட்டார்.

"ஈரம் கூடுனது கிட்ட, கொறஞ்சது தள்ளி! கம்பளியத் திருப்பிப் போடு! யாரு அங்க, காத்த மறைக்கிறது?"

ஆடைகளிலிருந்து வெண்ணிற ஆவி எழுந்தது. சிலிண்டர் ஓய்வின்றி ஊட்டியது. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி நேரம் பெருஞ்சட்டி முழுவாய் திறந்து உண்டது. மூன்றாம் மணியின் முடிவில் தீ மார்பிலிருந்து இடைக்கு இறங்கியது. இடையிலிருந்து கணுக்காலுக்கு இறங்கியது. கற்களுக்கிடையில் ஒரு நீலப் புழுவாய் நெளிந்து, அடங்கியது.

"அண்ணே, சிலிண்டருக்கு வேர்த்திருக்கு," என்றாள் சிசிலி.

வேர்த்தது மட்டுமல்ல. அதன் அடிவயிற்றைச் சுற்றி வெண்பனி பூத்திருந்தது. நல்லமுத்து புறங்கையை வைத்தார், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக அவர் கை குளிரைப் பார்த்துப் பின்வாங்கியது. விறகை அறிந்தவர் அவர். காஸை அறியார். தீர்ப்பு உடனே பிறந்தது.

"காஸ் காலி."

அந்நேரம் மேட்டிலிருந்து மதுரன் இறங்கினான். ஜிப் இல்லாத கூடாரத்துக்குச் சேலைப் பின் குத்திச் சீர்செய்த களிப்பில் இருந்தான். களத்தைக் கண்டான். கயிறுகளைக் கண்டான். பனி பூத்த சிலிண்டரைக் கண்டான்.

"அணைங்கன்னு சொல்லிட்டுத்தானே மாமா போனேன்?"

"சரக்கு பாதியில இருந்துச்சு மாப்ளே."

"எந்தச் சரக்கு?"

நல்லமுத்து கயிற்றைக் காட்டினார். சிசிலி மகளின் சட்டை அப்பளம் போல் காய்ந்திருந்தது.

வசைமாரி பொழிந்திருக்க வேண்டிய இடம் இது. மதுரன் வாயைத் திறந்தான். ஆறாண்டுப் புடவைக்கடைப் பழக்கம் அதை முறுவலாக்கி மூடிவிட்டது. தனுஷிகாதான் பேசினாள்.

"மணி ஒண்ணேகால். சனிக்கெழம மஸ்கெலியாவுல காஸ் கடைய ரெண்டரைக்குப் பூட்டிருவாங்க. நாலு மணிக்கு ஆளுங்க வந்துருவாங்க. நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

காலிச் சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைந்த சிலிண்டர் கிடைக்கும். மதுரன் அதைத் தோளில் ஏற்றினான். பஸ் ரோட்டுவரை இருநூற்றுப் பன்னிரண்டு படிகள் இறங்கினான். ஏறும்போது ஒருநாளும் இடையில் நில்லாத கால்கள் அன்று இறங்கும்போது மூன்று இடத்தில் நின்றன. காலிச் சிலிண்டர் இப்படியா கனக்கும்? கனப்பது சிலிண்டரல்ல, தன் தோல்வி என்று அவன் முடிவு செய்துகொண்டான். பஸ்ஸில் அதைக் கால்களுக்கிடையில் நிறுத்தியபோது, கண்ணுக்கெதிரே மெயின் வீதி விரிந்தது; மேசைமேல் சேலைகள் விரிந்தன, மடிந்தன, விரிந்தன. தனுஷிகாவின் முகம் போனின் சிறு சதுரத்துக்குள் மீண்டும் சுருங்கிப் போயிற்று. ஞாயிறு அந்தி பஸ்ஸில் ஜன்னல் சீட்டாவது கிடைக்க வேண்டும் என்று அவன் நினைக்கத் தொடங்கியிருந்தான்.

காஸ் கடை மாயாண்டி, பாதி இறக்கிய இரும்புக் கதவுக்கு வெளியே நின்றார்.

"காஸ் முடிஞ்சிருச்சு தம்பி. லொறி திங்கக்கெழமதான்."

இடி விழுந்தது. மதுரன் சிலிண்டரை வாசலிலேயே இறக்கி, அதன்மேல் உட்கார்ந்தான். சற்றுப் பொறுத்துப் பார்த்த மாயாண்டி, கதவைப் பூட்ட வழிவிடும்படி அவனை எழுப்பிவிட்டு, சிலிண்டரை ஒதுக்கக் கை வைத்தார். தூக்கினார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார்.

"என்னா தம்பி, இதுல பாதிக்கு மேல இருக்கே?"

"காலிங்க அண்ணே. பனி பூத்து நின்னு போச்சு."

"பனி பூத்துச்சுன்னா காலியாகல, வெறைச்சுப் போயிருக்கு. எதுல போட்டீங்க?"

மதுரன் இரு கைகளையும் அகல விரித்துப் பெருஞ்சட்டியின் அளவைக் காட்டினான்.

"எத்தன மணித்தியாலம்?"

"மூணு. முழுசாத் தொறந்து."

"மூணா? அம்புட்டுப் பெரிய வாயில ஓயாம இழுத்தா, இந்தக் குளிருக்கு சிலிண்டர் தாங்குமா? உள்ள தண்ணியா இருக்குறது ஆவியாகி வர நேரம் வேணாமா? கொஞ்ச நேரம் சும்மா வுட்டாச் சரியாப் போயிரும். சின்ன அடுப்பாப் பாத்துப் போடுங்க." சொல்லிவிட்டுக் கடையின் பரிசோதனை அடுப்பை மாட்டிப் பற்ற வைத்தார். நீலத்தாமரையாய்ச் சுடர் விரிந்தது. "தோள்ல தூக்கிட்டுத்தானே வந்தீங்க? கனம் தெரியலையா?"

"கனமாத்தான் இருந்துச்சு அண்ணே," என்றான் மதுரன். "கவலன்னு நெனச்சேன்."

கொண்டுபோன சிலிண்டரையே கொண்டுவரும் வீரனை மேமலை அதுவரை கண்டதில்லை. அதே தோள், அதே படிகள், அதே எடை. ஆனால் இப்போது ஒவ்வொரு கிலோவும் இனித்தது. உச்சியில் நின்ற மாமனாரிடம் அவன் மாயாண்டி சொன்னதைச் சொன்னான். அவர் திரும்பிப் பெருஞ்சட்டியைப் பார்த்தார்.

"அப்ப எஞ்சட்டி தோக்கல மாப்ளே. சிலிண்டருக்குத்தான் தெம்பு பத்தல."

"ஆமாங்க மாமா."

"மனசுல வச்சுக்குங்க."

இவ்வாறு சமாதானம் கையெழுத்தாயிற்று. சிறுசட்டி மதுரனின் ஒற்றைக் கையில் தொங்கியபடி மேட்டுக்கு ஏறி அரியணை கொண்டது. கயிறுகள் அவிழ்ந்தன. படைகள் மடிக்கப்பட்டு அவரவர் அலுமாரிக்குத் திரும்பின.

வத்தளை வேன் நாலேகாலுக்கு வந்தது. ஆறு பேரும் இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் ஒன்பது தடவை நின்று நின்று ஏறினார்கள். ஆறு மணிக்கு மூடுபனி நீர்த்தேக்கத்தை விழுங்கியபோது மதுரன் திருகைத் திருப்பினான். முழங்கால் உயரத் தீ எழுந்து, எழுந்த இடத்தில் நின்றது. நல்லமுத்து, கேட்காமலே, அதன் காவலராய்ப் பக்கத்தில் குந்தினார். அரைமணி நேரம் எல்லாம் நலமாய் நடந்தது. பிறகு வந்தவர்களில் ஒருவன், நிரஞ்சன் என்பவன், கைகளைத் தேய்த்துக்கொண்டே கேட்டான்.

"அங்கிள், இத விடப் பெரிசா ஒண்டும் இல்லையா?"

மேடு உறைந்தது. மதுரன் உறைந்தான். லயத்தில் பெருஞ்சட்டி இன்னும் இருந்தது. அதைத் தூக்கிவர மாமனார் ஒரு சொல் சொன்னால் போதும். தூக்கி வந்தால் ஒரு மணி நேரம் பொன்னாய் எரியும், பிறகு பனி பூக்கும், பிறகு இருளும் அந்தி பஸ்ஸும். முப்பத்தோராண்டின் கர்வம் ஒரு பக்கம், மகளின் வாழ்வு மறு பக்கம். நடுவே குந்தியிருந்த நல்லமுத்து, மெதுவாகப் புறங்கையை நீட்டி, அந்தச் சிறு தீயின் சூட்டை நெடுநேரம் பார்த்தார்.

"இதான் தம்பி அளவு," என்றார். "இதுக்கு மேல கூட்டுனா கருகிரும்."

என்ன கருகும் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு பேரும் நாற்காலிகளை இன்னும் கொஞ்சம் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். மதுரன் மாமனாருக்கு முதல் கோப்பைத் தேத்தண்ணியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

ஞாயிறு விடிந்தது. பெருஞ்சட்டி, கீறல் படாதபடி காய்ந்த கம்பளி ஒன்றைப் போர்த்துக்கொண்டு, நல்லமுத்துவோடு முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு நாடுகடந்தது. ஆறு பேரும் ரொட்டியும் கட்டச் சம்பலும் உண்டு, பைகளைத் தோளில் மாட்டினார்கள். மதுரன் படிகளின் தலைப்பில் நின்றான். கதவோரம் நின்ற தனுஷிகா ஒரே தட்டை மூன்றாம் முறையாகத் துடைத்தாள். முதல் படியில் கால் வைத்த நிரஞ்சன் திரும்பினான்.

"இடம் நல்லம் அண்ணா. நெருப்பும் நல்லம். டொய்லட் கதவுக்கு ஒரு தாழ்ப்பாள் போட்டீங்கண்டா, ஜனவரியில ஒஃபிஸ் ஆக்கள் பதினைஞ்சு பேரோட திரும்ப வாறம்."

முழங்குக முரசம்! ஆர்க்க வெண்சங்கம்! மெயின் வீதியின் ஆயிரம் சேலைகளே, இனி உங்களை வேறு எவரேனும் மடிக்கட்டும்! மஞ்சு முடிசூடும் மேமலையே, உன் மைந்தன் உன்னை விட்டு அகலான்! நீர்த்தேக்கமே, பொங்குக! மலைகளே, குனிந்து வழிவிடுக! இதோ, வெற்றித் திருமகள் கதவோரத்தில் தட்டைக் கீழே வைக்கிறாள். வாகை சூடிய வீரன் கண்களைத் துடைத்துக்கொண்டு, நெஞ்சு நிமிர்த்தி, இருநூற்றுப் பன்னிரண்டு படிகளையும் பாய்ந்து இறங்குகிறான்!

மதுரன் தாழ்ப்பாள் வாங்க மஸ்கெலியாவுக்குப் போனான்.